நாவலும் எழுதி, கேமும் வடிவமைத்தவர்: விருதுப் பட்டியலை எப்படிப் போடுவது?

3 மார்ச், இரவு 9.40. கேள்வி

எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்கு ஜான் எம். ஃபோர்டைப் பற்றி ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர், ரோல்பிளேயிங் கேம்களுக்கும் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை ஆடும் விளையாட்டு) எழுதியவர், 1957–2006. விருதுப் பகுதி இப்படி இருக்கிறது: “வேர்ல்டு ஃபேன்டஸி விருது 1983, 1988. ரைஸ்லிங் 1989. ஃபிலிப் கே. டிக் 1993. கேம் விருதுகள் சில. மொத்தம் ஆறேழு விருதுகள்.” வருபவர்கள் எல்லாரும் இலக்கிய வாசகர்கள். கேம் விருதுகளை எடுத்துவிடலாமா? அறிவியல் புனைவுக்கான பெரிய விருதான ஹியூகோ இல்லாதது உறுத்துகிறது. அதற்கு ஏதாவது விளக்கம் எழுத வேண்டுமா?

4 மார்ச், காலை 7.15

அச்சடிக்காதீர்கள் அக்கா, பொறுங்கள். இரண்டு ஆண்டுகள் தவறு, ஒன்று பாதி சரி. “ஆறேழு” என்று எழுதவே கூடாது. எண்ணத் தெரிந்தால் எண்ணை எழுதலாம், இல்லையென்றால் எண்ணிக்கையே வேண்டாம்.

வேர்ல்டு ஃபேன்டஸி: ‘த டிராகன் வெயிட்டிங்’ வெளிவந்தது 1983. விருது 1984. இரண்டாவது விருது ‘விண்டர் சோல்ஸ்டிஸ், கேமலாட் ஸ்டேஷன்’ படைப்புக்கு. வெளிவந்தது 1988, விருது 1989. நீங்கள் இரண்டிலும் வெளியீட்டு ஆண்டை எடுத்திருக்கிறீர்கள், ரைஸ்லிங்கில் மட்டும் விருது ஆண்டை எடுத்திருக்கிறீர்கள். தாளைப் படிப்பவர் 1988இல் ஒரு படைப்பும் 1989இல் வேறொரு படைப்பும் விருது பெற்றதாக நினைப்பார். இரண்டும் ஒரே படைப்பு, ஒரே ஆண்டு.

கேம் விருதுகளைத் தனியாகக் கடைசி வரியில் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மற்றதை மாலையில் எழுதுகிறேன்.

4 மார்ச், மாலை 6.50

ஆண்டுச் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம். எல்லாப் பிழைக்கும் வேர் அதுதான்.

ஹியூகோ போலவே அறிவியல் புனைவுக்குத் தரும் நெபுலா விருதின் பெயரில் வரும் ஆண்டு படைப்பு வெளிவந்த ஆண்டு. விருதைக் கையில் கொடுப்பது அடுத்த ஆண்டு. ஹியூகோவின் பெயரில் வருவது விருது கொடுக்கும் ஆண்டு. ‘ஹேடிஸ்’ என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2020 நெபுலாவும் வாங்கியது, 2021 ஹியூகோவும் வாங்கியது. இரண்டும் கொடுக்கப்பட்டது 2021இல்தான். தெரியாதவர் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வென்றது போலத் தெரியும்.

வால்ட்டர் ஜான் வில்லியம்ஸும் நாவல், கேம் இரண்டும் செய்தவர். கடற்போர் பற்றிய ‘பிரைவட்டியர்ஸ் அண்ட் ஜென்டில்மென்’ கேம் அவருடையது. 2000, 2004 ஆண்டுகளுக்கான இரண்டு நெபுலா அவரிடம் உள்ளன. அவற்றைச் சில பட்டியல்களில் 2001, 2005 என்று பார்ப்பீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் நான்கு நெபுலா என்று எழுதிவிடுவார்.

ஃபிலிப் கே. டிக் விருதில் நீங்கள் 1993 என்று போட்டதைப் பாதி சரி என்றதற்குக் காரணம் இதுதான். ‘குரோயிங் அப் வெயிட்லெஸ்’ 1993இல் வந்தது, விருது 1994 வசந்தத்தில். சிலர் இப்படியும் சிலர் அப்படியும் போடுகிறார்கள். “1993இல் வந்த நாவலுக்கு, 1994இல்” என்று இரண்டையும் எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த விருது அவருக்கு மட்டும் போகவில்லை. அந்தமுறை இருவர் சமமாக வந்தார்கள், ஜாக் வோமாக்கின் ‘எல்விஸ்ஸி’யும் வென்றது. “பகிர்ந்து பெற்றார்” என்ற இரண்டு சொல் அவசியம்.

5 மார்ச், காலை 8.05

யார் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரை வரி போடுங்கள். விருதின் எடை அங்கேதான் தெரியும்.

வேர்ல்டு ஃபேன்டஸி: ஒவ்வொரு பிரிவிலும் இறுதிப் பட்டியலில் இரண்டு இடங்களை மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்து நிரப்புகிறார்கள். மிச்ச இடங்களையும் வெற்றியாளரையும் ஐந்து பேர் நடுவர் குழு முடிவு செய்கிறது.

ஃபிலிப் கே. டிக்: நடுவர் குழு. அமெரிக்காவில் முதன்முதலாகப் பேப்பர்பேக்காகவே வந்த நூல்களுக்கு மட்டும். கெட்டி அட்டையில் முதலில் வந்த நூல் எவ்வளவு சிறந்ததானாலும் இதற்குள் வராது. இதில் ‘சிறப்புக் குறிப்பு’ என்று இரண்டாம் நிலை ஒன்றும் உண்டு. அதை வெற்றி என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை.

ரைஸ்லிங்: அறிவியல் புனைவுக் கவிதைச் சங்கத்தின் உறுப்பினர் வாக்கு. குறுங்கவிதை, நெடுங்கவிதை என இரண்டு பிரிவு. ஃபோர்டு வாங்கியது நெடுங்கவிதைக்கு.

நெபுலா: சக எழுத்தாளர்களின் வாக்கு. 1965இல் தொடங்கிய அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தருவது.

ஹியூகோ: வாசகர் வாக்கு, ஆனால் கட்டணம் உண்டு. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் வாக்களிக்கும் உறுப்பினராகச் சுமார் 50 அமெரிக்க டாலர். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே சேரலாம், இணையத்தில் வாக்களிக்கலாம். முதல் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். இறுதிப் பட்டியலில் 2017 முதல் ஆறு இடம். இறுதிச் சுற்றில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். “எதற்கும் விருதில்லை” என்பதும் ஒரு தேர்வாக வாக்குச்சீட்டில் இருக்கும். 2015இல் ஐந்து பிரிவுகளில் அதுவே வென்றது.

லோக்கஸ்: அதே பெயருள்ள அறிவியல் புனைவு இதழின் வாசகர் வாக்கெடுப்பு. யாரும் வாக்களிக்கலாம், சந்தாதாரர் வாக்குக்கு இரட்டை மதிப்பு.

5 மார்ச், மதியம் 1.20

காலையில் விட்டுப்போனது. ‘விண்டர் சோல்ஸ்டிஸ்’ கவிதை. அது வாங்கிய வேர்ல்டு ஃபேன்டஸி சிறுபுனைவுப் பிரிவு விருது. தமிழில் “சிறந்த சிறுகதைக்கான விருது” என்று எழுதினால், கூட்டத்தில் யாராவது அந்தச் சிறுகதையைத் தேடிக்கொண்டு போவார்கள். “சிறுபுனைவுப் பிரிவில், ஒரு கவிதைக்கு” என்று எழுதுங்கள். முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக எழுதி நண்பர்களுக்கு அனுப்பிய கவிதை அது. ஆர்தர் மன்னனின் வீரர்கள் ரயிலேறி கேமலாட் நிலையத்துக்கு வந்து இறங்குகிறார்கள். கதைகளோடு போட்டியிட்டு ஒரு கவிதை வென்றது என்ற செய்தியே உங்கள் தாளில் படிப்பவரை நிறுத்தும்.

6 மார்ச், இரவு 10.30

இப்போது தமிழ்ச் சொற்கள். இதில்தான் நம் பத்திரிகைகளும் புத்தகப் பின்னட்டைகளும் அதிகம் சறுக்குகின்றன.

“பரிந்துரைக்கப்பட்டவர்” என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். ஒருவர் முன்மொழிந்தாலும் பரிந்துரை, நீள்பட்டியலில் வந்தாலும் பரிந்துரை, கடைசி ஆறில் வந்தாலும் பரிந்துரை. ஹியூகோவில் ஒரே ஒரு உறுப்பினர் ஒரு நூலை முன்மொழிந்துவிடலாம், அதற்குப் பெயர் சாதனை ஆகாது. கடைசி ஆறில் இடம்பிடிப்பது பெரிய விஷயம். ஆகவே என் பரிந்துரை: முன்மொழிவு, நீள்பட்டியல், இறுதிப் பட்டியல், வெற்றி. நான்கு நிலைக்கு நான்கு சொல், மாற்றி எழுதக்கூடாது.

நம் ஊர் எடுத்துக்காட்டு சொன்னால் கூட்டத்தில் உடனே புரியும். வினா ஜியே-மின் பிரசாத் 2018 ஹியூகோவில் இரண்டு கதைகளுக்கு இறுதிப் பட்டியலில் இருந்தார். நியோன் யாங்கின் குறுநாவலும் அதே ஆண்டு இறுதிப் பட்டியலில் இருந்தது. சிங்கப்பூர் எழுத்தாளர்கள் இருவர் ஒரே ஆண்டில் அங்கே நின்றார்கள். அதை “பரிந்துரைக்கப்பட்டார்கள்” என்று எழுதினால் பெருமை பாதியாகக் குறைகிறது, “ஹியூகோ பெற்ற” என்று எழுதினால் பொய்யாகிறது. “இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற” என்றால் சரியாக நிற்கும்.

அடுத்து நீளம். நெபுலா, ஹியூகோ இரண்டிலும் 7,500 சொல்லுக்குள் சிறுகதை. 7,500 முதல் 17,500 வரை ஒரு பிரிவு, 17,500 முதல் 40,000 வரை இன்னொன்று, அதற்கு மேல் நாவல். நடுவில் உள்ள இரண்டையும் தமிழில் “குறுநாவல்” என்று போட்டுக் குழப்புகிறோம். முதலாவதை நெடுங்கதை என்றும் இரண்டாவதைக் குறுநாவல் என்றும் வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சொல் கணக்கு ஆங்கிலத்துக்கானது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் மொழிபெயர்ப்பில் எண்ணிக்கை குறையும். ஆங்கில மூலத்தின் அளவை வைத்தே பிரிவைக் குறிப்பிடுங்கள்.

காம்ப்பெல் என்று ஒரு பொறி இருக்கிறது, மற்ற எழுத்தாளர்களுக்குத் தாள் போடும்போது கவனம். அந்தப் பெயரில் இரண்டு விருதுகள் இருந்தன. ஒன்று ஆண்டின் சிறந்த நாவலுக்கான நினைவு விருது. மற்றது புதிய எழுத்தாளருக்கானது, 2019இல் அஸ்டவுண்டிங் விருது என்று பெயர் மாறியது. பின்னது ஹியூகோ வாக்குச்சீட்டிலேயே அச்சாகும், ஹியூகோ மேடையிலேயே கொடுக்கப்படும், ஆனால் ஹியூகோ கிடையாது.

7 மார்ச், காலை 6.40

நேற்று இன்னொரு வாசகர் கேட்டது: “கேம் விருதெல்லாம் கம்பெனிக்குக் கொடுப்பதுதானே, எழுத்தாளர் கணக்கில் எப்படி வரும்?”

விருதுக்கு விருது மாறும். ‘பால்டர்ஸ் கேட் 3’ நெபுலாவும் வாங்கியது, ஹியூகோவும் வாங்கியது. நெபுலாவின் கேம் எழுத்துப் பிரிவு, எழுதியவர்களின் பெயர்களைச் சொல்லித் தருகிறது. அந்த கேமுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலில் உண்டு. ஹியூகோவில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் நின்றது. ‘எல்டன் ரிங்’ கேமுக்கான நெபுலாவில் அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகியோடு நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பெயரும் இருக்கிறது. மார்ட்டின் எழுதித் தந்தது அந்த உலகின் பழங்கதைப் பின்னணி. “மார்ட்டின் வடிவமைத்த கேம்” என்று யாராவது எழுதினால் அது பிழை. “மார்ட்டின் பின்னணிக் கதை எழுதிய கேம்” சரி.

ஃபோர்டு விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ரோல்பிளேயிங் நூல்களில் எழுதியவர் பெயர் அட்டையிலேயே இருக்கும். ‘தி யெல்லோ கிளியரன்ஸ் பிளாக் பாக்ஸ் புளூஸ்’ அவர் எழுதிய சாகச நூல், அதாவது ஆடுவதற்கான கதைத் திட்டம், ‘பாரனோயா’ கேமுக்காக. ஆனால் ‘பாரனோயா’ அவருடையது அல்ல. அதை வடிவமைத்தவர்கள் கிரெக் காஸ்டிகியான், டான் கெல்பர், எரிக் கோல்ட்பர்க். 1985ஆம் ஆண்டின் சிறந்த ரோல்பிளேயிங் சாகசம் என்ற விருது அந்தச் சாகச நூலுக்கு. மூல கேம் அதற்கு முந்தைய ஆண்டுக்கான தன் விருதைத் தனியாக வாங்கியது. இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள்.

‘கர்ப்ஸ்’ என்ற ரோல்பிளேயிங் கேமுக்கான ‘கர்ப்ஸ் டைம் டிராவல்’ 1991ஆம் ஆண்டின் சிறந்த துணைநூல் விருது பெற்றது. ஸ்டீவ் ஜாக்சனோடு சேர்ந்து எழுதியது. இங்கே ஒரு குழி: ஸ்டீவ் ஜாக்சன் இரண்டு பேர். பள்ளி நாளில் ‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ புத்தகங்களைப் புரட்டியவர்கள் நினைப்பது இயன் லிவிங்ஸ்டனோடு அந்த வரிசையைத் தொடங்கிய பிரிட்டிஷ்காரரை. ஃபோர்டோடு எழுதியவர் டெக்சஸ்காரர், ‘கர்ப்ஸ்’ வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர். போதாக்குறைக்கு இந்த அமெரிக்கரும் அதே ‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ வரிசையில் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். “அமெரிக்க ஸ்டீவ் ஜாக்சன்” என்று போட்டுவிடுங்கள்.

7 மார்ச், காலை 6.55

விருதின் பெயர்: சாகச நூல் வென்ற காலத்தில் அதற்கு எச். ஜி. வெல்ஸ் விருது என்று பெயர். பிறகு எல்லாம் ஒரிஜின்ஸ் விருது என்ற ஒரே பெயருக்குள் வந்தது. “எச். ஜி. வெல்ஸ் விருது, இன்றைய ஒரிஜின்ஸ்” என்று எழுதினால் இரண்டு பெயரிலும் தேடுபவர் கண்டுபிடிப்பார். அதை இரண்டு விருதாக எண்ணிவிடக்கூடாது.

8 மார்ச், இரவு 9.10

முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். கேம் விருதுகளைக் கடைசி வரியில் தள்ள வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே கால வரிசையில் போடுங்கள்.

காரணம் அவருடைய படைப்பிலேயே இருக்கிறது. 1983இல் ‘ஸ்டார் டிரெக்’ ரோல்பிளேயிங் கேமுக்காகக் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தைப் பற்றிய துணைநூல் எழுதினார். 1984இல் அதே இனத்தை உள்ளிருந்து காட்டும் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்’ நாவல் வந்தது. கேம் மேசையில் ஆடுபவருக்கு ஒரு கிளிங்கான் எப்படிப் பேசுவான், எதை மானம் என்பான், எப்போது கத்தியை எடுப்பான் என்று சொல்லித்தர வேண்டும். அந்த வேலையும் நாவலில் பாத்திரம் படைக்கும் வேலையும் ஒரே கையில், ஒரே காலத்தில் நடந்தன. அடுத்து ‘குரோயிங் அப் வெயிட்லெஸ்’. நிலவில் வளரும் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் ரயிலேறிப் போகிறார்கள். அவர்கள் கூடி ஆடுவது ரோல்பிளேயிங் கேம். நடுவர் குழு நாவலுக்குத் தந்த விருதிலும் கேம் மேசை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ‘டைம் டிராவல்’ விருதை “கேம் விருதுகள் சில” என்று ஒதுக்க மனம் வரவில்லை. 1991இல் அது, 1993இல் இந்த நாவல். அடுத்தடுத்து எழுதினால் வாசகர் தொடர்பைத் தானே பார்த்துக்கொள்வார்.

ஹியூகோ பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. ஃபோர்டு இறந்தது 2006 செப்டம்பரில். நெபுலா கேம் எழுத்துக்குப் பிரிவு தொடங்கியது 2018ஆம் ஆண்டுப் படைப்புகளுக்கு. ஹியூகோ ஒருமுறை சோதனையாக 2021இல் கேமுக்கு விருது கொடுத்தது, நிலையான பிரிவாக முதலில் கொடுத்தது 2024இல். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய பாதி எழுத்துக்கு அந்த இரு விருதுகளிலும் நுழைய வாசலே இல்லை. தாளில் “ஹியூகோ பெறவில்லை” என்று எழுதத் தேவையில்லை. யாராவது கேட்டால் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

9 மார்ச், காலை 7.30

“வாழ்நாள் சாதனை விருது ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நூலுக்கான விருதையும் ஆளுக்கான விருதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு நூலுக்கு, கலாசாரப் பதக்கம் ஆளுக்கு. புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் 2008இல் பெற்றது பதக்கம். அதை எந்த ஒரு நூலின் பெயருக்குப் பக்கத்திலும் போட முடியாது.

அறிவியல் புனைகதையில் அந்த இடத்தில் இருப்பது எழுத்தாளர் சங்கத்தின் டேமன் நைட் கிராண்ட் மாஸ்டர். முதலில் 1975இல் ராபர்ட் ஹைன்லைனுக்கு. உயிரோடு இருப்பவருக்கே தருவார்கள். 49 வயதில் இறந்த ஃபோர்டுக்கு அது வரவில்லை. கேம் பக்கம் ஒரிஜின்ஸ் புகழ் மண்டபம் உண்டு. காஸ்டிகியான் 1999இல் அதில் சேர்க்கப்பட்டார், 2007இல் கேம் வடிவமைப்பாளர் மாநாட்டின் மேவரிக் விருதும் பெற்றார். நாவலும் எழுதியவர் அவர். அடுத்த மாதத் தாள் அவரைப் பற்றிப் போடலாம்.

கேம் பக்கத்து டயானா ஜோன்ஸ் விருதின் கோப்பையையும் கூட்டத்தில் சொல்லுங்கள், பிடிக்கும். இண்டியானா ஜோன்ஸ் ரோல்பிளேயிங் கேமின் எரிந்த மிச்சத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிரமிடுக்குள் பதித்திருக்கிறார்கள். தலைப்பின் முன்பாதி எரிந்துபோய் மிஞ்சிய எழுத்துகள்தான் விருதின் பெயர்.

9 மார்ச், இரவு 11.00

விருதுப் பகுதி, அப்படியே எடுத்து ஒட்டலாம்:

“1984: ‘த டிராகன் வெயிட்டிங்’ நாவலுக்கு வேர்ல்டு ஃபேன்டஸி விருது, நடுவர் தேர்வு. 1985ஆம் ஆண்டின் சிறந்த ரோல்பிளேயிங் சாகசம்: ‘தி யெல்லோ கிளியரன்ஸ் பிளாக் பாக்ஸ் புளூஸ்’, எச். ஜி. வெல்ஸ் விருது, இன்றைய ஒரிஜின்ஸ். 1989: ‘விண்டர் சோல்ஸ்டிஸ், கேமலாட் ஸ்டேஷன்’ கவிதைக்கு வேர்ல்டு ஃபேன்டஸி சிறுபுனைவு விருது, நடுவர் தேர்வு; அதே கவிதைக்கு ரைஸ்லிங் நெடுங்கவிதை விருது, கவிதைச் சங்க உறுப்பினர் வாக்கு. 1991ஆம் ஆண்டின் சிறந்த துணைநூல்: ‘கர்ப்ஸ் டைம் டிராவல்’, அமெரிக்க ஸ்டீவ் ஜாக்சனோடு எழுதியது, ஒரிஜின்ஸ் விருது. 1994: ‘குரோயிங் அப் வெயிட்லெஸ்’ (1993) நாவலுக்கு ஃபிலிப் கே. டிக் விருது, நடுவர் தேர்வு, பகிர்ந்து பெற்றார்.”

மொத்த எண்ணிக்கை போடவில்லை. ஒரு கவிதைக்கு இரண்டு, ஒன்று பகிர்ந்தது, ஒன்று கூட்டாக எழுதியது. இதையெல்லாம் கூட்டி ஓர் எண் சொன்னால் அந்த எண் எதையும் சொல்லாது.

10 மார்ச், காலை 7.05

கூட்டத்துக்கு வருபவர்கள் நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இத்தனை விருது இருந்தும் அவர் நூல்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் அச்சில் இல்லாமல் கிடந்தன. ‘த டிராகன் வெயிட்டிங்’ 2020இல் மறுபதிப்பு வந்தது. முடிக்காமல் விட்டுப்போன ‘ஆஸ்பெக்ட்ஸ்’ 2022இல் வெளிவந்தது. தேசிய நூலகத் தேடலில் ஆசிரியர் பெயரை “ஃபோர்டு, ஜான் எம்.” என்ற வரிசையில் ஆங்கில எழுத்தில் இடுங்கள். நடுவெழுத்தை விட்டால் வேறு ஜான் ஃபோர்டுகள் வந்து நிற்பார்கள், முக்கியமாக அந்தத் திரைப்பட இயக்குநர்.

மினியாபோலிஸ் பொது நூலகத்துக்கு நூல் வாங்க அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. விருதுப் பகுதியில் அதற்கு இடமில்லை, ஆனால் தாளின் அடியில் ஒரு வரி மிச்சமிருந்தால் அதைப் போடுங்கள்.

10 மார்ச், காலை 7.20

தாளில் இரண்டு இடத்தில் “ரைஸ்லிங்”, ஒரு இடத்தில் “ரிஸ்லிங்” என்று இருக்கிறது. ஹைன்லைன் கதையில் வரும் பார்வையற்ற விண்வெளிக் கவிஞனின் பெயர் அது. மூன்றையும் “ரைஸ்லிங்” ஆக்கிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.